நோயாளிக்கு விலக்கு உண்டு என்று மதமே சொல்கிறது. அப்புறமும் விரதத்தை ஏன் விட மறுக்கிறார்கள்?

தட்டும் கரண்டியும்:

நான் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகர். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள். விரதம், நோன்பு என்று வந்தால் அவர்கள் கேட்பதெல்லாம் 'எப்படி' என்பதுதான். மாத்திரையை எப்போது போடுவது, தண்ணீர் குடிக்கலாமா, முடிக்கும்போது முதலில் எதைச் சாப்பிடுவது. அதற்கெல்லாம் என்னிடம் பதில் இருக்கிறது. 'ஏன்' என்று நான் திருப்பிக் கேட்டால்தான் சிக்கல். "காலங்காலமா இருக்கிறதுதானே மேடம்" என்று சிரித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

எனக்குப் பிடிபடாத முதல் விஷயம் இது. ரத்தப் பரிசோதனைக்கு 8 மணி நேரம் வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறோம். அதில் பாதிக்கு மேல் தூக்கத்திலேயே போய்விடும். இருந்தும் காலை வரிசையில் நிற்கும்போதே தலை சுற்றுகிறது, கை நடுங்குகிறது, எப்போது கூப்பிடுவீர்கள் என்று செவிலியரிடம் சண்டை. அதே மனிதர் அடுத்த மாதம் விடியலிலிருந்து பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்துவிட்டு, "ஒன்றுமே தெரியவில்லை" என்கிறார். வயிறு அதேதான், பசி அதேதான். ஆய்வகத்துக்காகப் பட்ட பசி மட்டும் ஏன் அவ்வளவு பாரமாக இருக்கிறது?

இரண்டாவது, தலைப்பில் கேட்டிருப்பது. நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம் என்று குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. யூதர்களின் பாவப் பரிகார நாளான யோம் கிப்பூரில் நோன்பு சுமார் 25 மணி நேரம், தண்ணீர்கூடக் கிடையாது. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் சாப்பிடுவதுதான் கடமை என்று அவர்கள் சட்டமே சொல்கிறது. கத்தோலிக்கர்களுக்கு ஒருசந்தி நோன்பு 18 வயது முதல் 59 வரைதான். ஏகாதசிக்கும் முடியாதவர்கள் பழம், பால் எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவு விலக்கு இருக்கிறது. "உங்களுக்கு வேண்டியதில்லை, உங்கள் மதமே சொல்கிறது" என்று நான் சொன்னதும் முகம் மலர வேண்டாமா? வாடுகிறது.

ஓர் அம்மா வந்திருந்தார். எழுபதை நெருங்கும் வயது. இன்சுலினோடு, சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடக்கூடிய மாத்திரை ஒன்றும் போடுகிறவர். மருத்துவர் 'விரதம் கூடாது' என்று எழுதிக் கொடுத்த சீட்டை என் எதிரே உட்கார்ந்து மடித்துக்கொண்டே இருந்தார். நாலாக, எட்டாக, அப்புறம் மடிக்கவே முடியாத அளவுக்கு. கடைசியில், "எல்லாரும் இருக்கிற அன்னைக்கு நான் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தின்னணுமா?" என்று கேட்டார். எந்த மதம் என்று எழுதப்போவதில்லை. இதே கேள்வியை வேறு வேறு சொற்களில் எல்லா மதத்தவரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

அதிலிருந்து எனக்கு ஓர் ஊகம். மனிதர்கள் பசிக்காக விரதம் இருப்பதில்லை, புண்ணியத்துக்காகக்கூட இரண்டாம்பட்சம்தான். அந்தக் கூட்டத்தில் தானும் ஓர் ஆள் என்று எண்ணப்படுவதற்காக இருக்கிறார்கள். சரியா? விரதம் இருக்கிறவர்கள் சொல்லுங்கள். மதத்துக்காக இல்லாமல் சொந்தக் காரணத்துக்கு இருக்கிறவர்களும் எழுதலாம். 'உடம்பில் உள்ள நச்சு வெளியேறும்' என்று மட்டும் தயவுசெய்து வேண்டாம். கல்லீரலும் சிறுநீரகமும் அந்த வேலையை நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன.

---

பிறைக்கணக்கு:

சகோதரி, உங்கள் ஊகத்தில் பாதி சரி. ரமலானில் சுற்றிலும் எல்லோரும் நோன்பாளிகள் என்பது பெரிய பலம்தான். ஆனால் என்னைக் கேட்டால், நோன்பின் முக்கியமான இடம் யாரும் பார்க்காத இடம்.

அஸர் என்கிற பிற்பகல் தொழுகைக்கு முன் ஒளூ செய்கிறேன், அதாவது கை, கால், முகம் கழுவிக்கொள்கிறேன் என்று வையுங்கள். விடியலுக்கு முன் சாப்பிடும் சஹருக்குப் பிறகு ஒரு சொட்டு இறங்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஒளூவில் வாய் கொப்பளிக்க வேண்டும். உள்ளங்கை நிறையத் தண்ணீரை எடுத்து வாயில் விடுகிறேன். குளிர்ச்சி பல் இடுக்குவரை போகிறது. கதவு சாத்தியிருக்கிறது, குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு மிடறு உள்ளே போனால் இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தண்ணீரைத் துப்புகிறேன் பாருங்கள், அந்த ஒரு விநாடிதான் எனக்கு நோன்பு. மற்றதெல்லாம் வேலைக்கு நடுவே தானாகக் கழிந்துவிடும் நேரம்.

தொழுதால் நாலு பேர் பார்க்கிறார்கள். தர்மம் கொடுத்தால் வாங்குகிறவர் பார்க்கிறார். நோன்பை மட்டும் ஒருவராலும் சரிபார்க்க முடியாது. எனக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவே மூன்றாவது ஆள் இல்லாத வணக்கம் அது ஒன்றுதான். உங்கள் ஆய்வக வரிசைக்காரருக்கு அந்தப் பசியில் யாருக்கும் கொடுக்க எதுவும் இல்லை. ஊசி குத்தினால் முடிந்தது. அதனால்தான் பாரம்.

இன்னொன்று. எங்கள் கணக்கு பிறையை வைத்து என்பதால் ரமலான் ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முன்னால் நகரும். சுமார் 33 வருடத்தில் எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். 2030-இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரண்டு ரமலான் வரப்போகிறது. நான் சிறுவனாக நோன்பு பிடிக்க ஆரம்பித்தது குளிர்காலத்தில். பிறகு கோடைக்குள் புகுந்து, நீண்ட பகல்களையெல்லாம் பார்த்துவிட்டு, இப்போது மறுபடி அந்தக் குளிர்காலத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. வயதை எப்படிக் கணக்கிடுகிறாய் என்று கேட்டால், எத்தனையாவது சுற்று என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

விலக்கைப் பற்றிக் கேட்டீர்கள். என் வாப்பாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது, டயாலிசிஸில் இருக்கிறார். விட்ட நோன்பைப் பிறகு நோற்று களா செய்யவும் வழியில்லை, அதனால் ஒவ்வொரு நோன்புக்கும் ஈடாக, ஃபித்யாவாக, ஓர் ஏழைக்குச் சாப்பாடு. அதை மனப்பூர்வமாகக் கொடுக்கிறார். ஆனால் சஹருக்கு நாங்கள் எழுவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருப்பார். நீங்கள் தூங்குங்கள் வாப்பா என்றால், "நோன்புதான் எனக்கில்லை, சஹர் எனக்கு உண்டு" என்பார். ஆக, உங்கள் ஊகத்துக்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. என் காரணம் வேறு, அவர் காரணம் வேறு, அவ்வளவுதான்.

---

பதினாறு எட்டு:

மதம் பக்கம் எனக்கு ஒன்றும் தெரியாது. பெயரைப் பார்த்தாலே புரிந்திருக்கும்: 16 மணி நேரம் பட்டினி, 8 மணி நேரத்துக்குள் சாப்பாடு. எடை குறைக்க ஆரம்பித்தேன். குறைந்தது. ஏதோ மாயம் நடந்துவிட்டதாக முதலில் நம்பினேன். உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், ராத்திரி திரை முன்னால் உட்கார்ந்து கொறித்ததெல்லாம் நின்றுபோயிருந்தது. அவ்வளவுதான் மாயம்.

எங்கள் கூட்டத்துக்கும் ஒரு வேதம் இருக்கிறது. 2016 நோபல் பரிசு. செல்கள் தங்கள் கழிவைத் தாங்களே தின்று மறுசுழற்சி செய்யும் 'ஆட்டோஃபேஜி' பற்றி யோஷினோரி ஓசுமி கண்டுபிடித்ததற்குக் கொடுத்தார்கள். ஒருவர் விடாமல் அதைச் சொல்லி 'நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள்' என்பார்கள். அவர் பார்த்தது ஈஸ்ட்டை. மனிதன் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் எத்தனை மணிக்கு அது தொடங்கும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் செயலிகளில் 'இப்போது ஆட்டோஃபேஜி தொடங்கிவிட்டது' என்று பச்சை விளக்கே எரியும்!

சரி, ஏன் இன்னும் விடவில்லை? உண்மையான காரணம் கொஞ்சம் அற்பமானது. முடிவெடுக்கிற வேலை ஒன்று குறைகிறது. காலையில் என்ன சாப்பிடலாம், சாப்பிடலாமா, கொஞ்சமாகவா, நிறையவா என்று நாள் முழுக்க எனக்குள் ஒரு பேரம் நடந்துகொண்டே இருக்கும். இப்போது மணி ஆகவில்லை என்றால் ஆகவில்லை. பேரத்துக்கு இடமில்லை.

பசியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது ஏறிக்கொண்டே போகும் என்று பயந்திருந்தேன். போவதில்லை. வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்கு வருகிறது, அரை மணி, முக்கால் மணி மிரட்டுகிறது, கண்டுகொள்ளாமல் விட்டால் போய்விடுகிறது. ஆரம்பத்தில் தலைவலிதான் உயிரை வாங்கியது. மேடம், அது எதனால்?

---

தட்டும் கரண்டியும்:

@பதினாறு எட்டு: தலைவலி பெரும்பாலும் பசியால் இல்லை, காப்பியால். தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலை இடிக்க ஆரம்பிக்கும். நோன்பு மாதத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்வது அதனால்தான். பசி வந்துவிட்டுப் போவதற்குக் காரணம் கிரெலின் என்ற ஹார்மோன். உடம்பு பழகிய சாப்பாட்டு நேரங்களில் அது ஏறும். நாம் சாப்பிடாவிட்டாலும் தானே இறங்கிவிடும். கல்லீரலில் சேமித்த சர்க்கரை ஏறக்குறைய ஒரு நாளைக்குத் தாங்கும், அதன் பிறகு உடம்பு கொழுப்பை எரித்துச் சமாளிக்கும்.

'பேரத்துக்கு இடமில்லை' என்றது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டின் மேல் வெறுப்போ பயமோ வந்து, அதற்குச் சிகிச்சை எடுத்த கதை யாருக்காவது இருந்தால் இந்தக் கடிகார விரதம் அவர்களுக்கு வேண்டாம். அவர்களுக்கு அந்தக் கடிகாரமே நோயைக் கூட்டிவிடும்.

@பிறைக்கணக்கு: கொப்பளித்துத் துப்பும் அந்த விநாடியைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். என் ஊகத்துக்கு அது நேர் எதிர். யாரும் எண்ணாத இடத்தில்தானே நடக்கிறது அது. வாப்பாவுக்கு என் வணக்கம்.

---

கடைசி பெஞ்ச்:

நான் கொஞ்சம் கலகம் செய்யலாமா? கடவுளும் ஒரு பார்வையாளர்தானே. பார்க்க ஆளில்லாத பட்டினி என்று ஒன்று கிடையாது. அதற்குச் சாட்சி கோயிலிலோ பள்ளிவாசலிலோ தேட வேண்டாம், சிறைச்சாலையில் தேடுங்கள்.

1909-இல் லண்டன் ஹாலோவே சிறையில் மரியன் வாலஸ் டன்லப் என்ற பெண் வாக்குரிமைப் போராளி சாப்பிட மறுத்தார். 91 மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். அதன் பின் வந்த பலருக்கு அந்தக் கருணை இல்லை. மூக்கில் குழாய் விட்டு வலுக்கட்டாயமாக ஊட்டினார்கள். அரசாங்கம் பயந்தது அவர்கள் பசிக்கா? இல்லை. வெளியே இருக்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததற்கு. பொட்டி ஸ்ரீராமுலு 1952-இல் 58 நாள் உண்ணாமல் இருந்து இறந்தார். அடுத்த வருடம் அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. வட அயர்லாந்துச் சிறையில் இருந்த ஐரிஷ் போராளி பாபி சாண்ட்ஸ் 1981-இல் 66-ஆவது நாளில் இறந்தார், அதுவும் பட்டினிக்கு நடுவே நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு. அவரைத் தொடர்ந்து இன்னும் 9 பேர். திலீபன் 1987-இல் நல்லூரில் தண்ணீரும் வேண்டாம் என்று உட்கார்ந்தார், செப்டம்பர் 15-இல் தொடங்கி 26-இல் முடிந்துவிட்டது. தண்ணீர் இருந்தால் இரண்டு மாதம், இல்லாவிட்டால் இரண்டு வாரம்கூட இல்லை. தண்ணீரைத் தொடாதவர் எதிராளிக்கு யோசிக்கக் கொடுக்கும் அவகாசம் அவ்வளவுதான். மணிப்பூரின் இரோம் சர்மிளா, ராணுவத்துக்குச் சிறப்பு அதிகாரம் கொடுக்கும் சட்டத்தை நீக்கச் சொல்லி, 2000-இலிருந்து 2016 வரை உண்ண மறுத்தார். தற்கொலை முயற்சி என்று வழக்குப் போட்டு, காவலில் வைத்து, மூக்கு வழியாக ஊட்டி ஊட்டியே அந்தக் கேள்வியை அரசு தள்ளிப்போட்டது.

எதிராளிக்கு வெட்கம் இருந்தால்தான் இந்த ஆயுதம் வேலை செய்யும். காந்தி 1948 ஜனவரியில் இருந்த கடைசி உண்ணாவிரதம் ஆறாம் நாள் முடிந்தது, டெல்லியில் எல்லாத் தரப்பும் வந்து வாக்குக் கொடுத்த பிறகு. பழைய அயர்லாந்தில் கடன் வாங்கிவிட்டு ஏமாற்றுகிறவன் வாசலில் போய்ப் பட்டினி உட்காரும் வழக்கம் சட்டத்திலேயே இருந்தது. நம் பக்கத்தில் அதற்குத் தர்ணா. உன் வாசலில் ஒருவன் பசியோடு உட்கார்ந்திருக்கும்போது நீ எப்படி உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவாய்? அவ்வளவுதான் சூத்திரம். மத விரதமும் அதே சூத்திரம்தான் என்பேன். கடவுள் வாசலில் உட்கார்ந்து தர்ணா. பிள்ளை பிறக்கணும், நோய் தீரணும், மகனுக்கு வேலை கிடைக்கணும், அதுவரை எழுந்திருக்க மாட்டேன்!

சங்க காலத்து வடக்கிருத்தலும் பார்வையாளர் விஷயம்தான். பிள்ளைகளோடு பிணங்கிய கோப்பெருஞ்சோழன் உயிர்விட உட்கார்ந்தபோது, நேரில் பார்த்தே இராத நண்பர் பிசிராந்தையாருக்குப் பக்கத்தில் இடம் வைக்கச் சொன்னான். தனியாக உட்கார ராஜாவுக்கே மனம் வரவில்லை.

---

தட்டும் கரண்டியும்:

கடைசி வரியில் உங்களை அறியாமல் என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள். சோழன் வைக்கச் சொன்னது பார்க்கிறவருக்கான இடம் இல்லை. கூட இருக்கிறவருக்கான இடம். பிசிராந்தையார் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகவில்லை, தானும் உட்கார்ந்தார்.

கடவுள் வாசலில் தர்ணா என்பதை முழுக்க மறுக்க மாட்டேன். நேர்ந்துகொண்டு விரதம் இருக்கிறவர்கள் என்னிடம் நிறையவே வருகிறார்கள், அவர்கள் பேச்சில் ஒரு கறார் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கேட்பதற்கு ஒன்றுமே இல்லாமல் வருடக்கணக்காக இருக்கிறவர்களை என்ன செய்வீர்கள்? ஒரு சமண நோயாளி உண்டு. பர்யூஷணம் என்கிற சமண நோன்பு நாட்களில் காய்ச்சி ஆறிய வெந்நீர் மட்டும், அதுவும் பகலில் மட்டும். அவருக்கு வரம் கொடுக்கிற கடவுளே கிடையாது. எதற்கு என்று கேட்டேன். ஒட்டிக்கொண்டிருப்பதைக் கழற்றிப் பார்க்கிறேன் என்றார். தர்ணா கணக்கில் அவர் வரமாட்டார்.

---

அடுக்களைக்கு லீவு:

ஆண்கள் எல்லாம் கடவுள், அரசாங்கம், நோபல் பரிசு என்று பெரிய இடமாகப் போய்விட்டார்கள். நான் ஏகாதசிக்காரி. என் காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அன்றைக்குச் சமையல் இல்லை.

கல்யாணமான புதிதில் மாமியார் இருக்கச் சொன்னார், இருந்தேன். அவர் பெருமாளுக்காக இருந்தார். நான் அவருக்காக இருந்தேன். அவர் காலமான பிறகு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த ஏகாதசியன்று காலையில் எழுந்து பழக்கத்தில் அடுக்களைக்குள் போய் நின்றேன். அடுப்பு துடைத்தபடி இருந்தது. தொட்டியில் ஒரு பாத்திரம் இல்லை. ராத்திரிக்கு என்ன என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. கேட்டாலும், "எனக்கு விரதம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் மறுபேச்சு இருக்காது. தலைவலி, அலுப்பு, உடம்பு முடியவில்லை என்று எது சொன்னாலும் கிடைக்காத விடுமுறை, விரதம் என்று சொன்னால் மரியாதையோடு கிடைக்கிறது. விடுவேனா?

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீட்டில் பெண் கையில் இருக்கும் ஒரே அதிகாரம் பல சமயம் சாப்பாடுதான். மறுப்பதென்றாலும் அதைத்தான் மறுக்க முடியும். இத்தாலியில் சியன்னாவின் கத்தரீன் என்ற புனிதை கிட்டத்தட்ட ஒன்றுமே சாப்பிடாமல் இருந்து 1380-இல் 33 வயதில் இறந்துபோனார். சாப்பிடு என்று குருமார் சொல்லியும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் பக்தியை நான் எடைபோட மாட்டேன். ஆனால் இளம் வயதில் வீட்டார் பேசிய கல்யாணத்தை அவர் மறுத்துப் போராடினார் என்பதையும் சேர்த்துப் படிக்கும்போது, உண்ணாமை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஏதோ புரிகிற மாதிரி இருக்கிறது.

மேடம், உங்களிடம் வந்த அந்த அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பித் தின்னணுமா என்று கேட்டதற்கு இன்னொரு பொருளும் இருக்கலாம். எல்லோரும் விரதம் இருக்கும் வீட்டில் தான் ஒருத்திக்காகத் தானே எழுந்து அடுப்பு பற்றவைக்க வேண்டும். அந்த ஒரு நாளும் போச்சே என்ற எரிச்சலாகவும் இருக்கலாம்.

---

தட்டும் கரண்டியும்:

இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. சர்க்கரை, சிறுநீரகம், வயது எல்லாவற்றுக்கும் படிவத்தில் கட்டம் இருக்கிறது. 'அன்றைக்கு உங்களுக்கு யார் சமைப்பார்கள்' என்று ஒரு கட்டம் இல்லை.

---

சாம்பல் புதன்:

நான் சுருக்கமாக. கத்தோலிக்கன். தவக்காலத்தில் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி கட்டாயம்: ஒரு முழுச் சாப்பாடு, வேண்டுமானால் சின்னதாக இரண்டு வேளை. மற்ற மதத்தவர் பார்த்தால் இதெல்லாம் ஒரு விரதமா என்பார்கள். நான் அதோடு வெள்ளிக்கிழமைகளில் ஒரு வேளையை விட்டுவிடுகிறேன், வருடம் முழுக்க. வீட்டில் மனைவிக்கு மட்டும் தெரியும்.

காரணம் குடி. நிறுத்திப் பல வருடம் ஆகிறது. மருத்துவர் உதவியோடுதான் நிறுத்தினேன், பட்டினியால் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விரதம் வந்தது அதற்கு அப்புறம். குடிக்க வேண்டும் என்ற அரிப்பு வரும்போது 'இல்லை' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அது ஆபத்தான இடம், அங்கே போய்ப் பழக முடியாது. பசி அப்படியில்லை. ஒரு வேளை சாப்பிடாவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகிவிடாது. அங்கே 'இல்லை' சொல்லிப் பழகிக்கொள்கிறேன். பதினாறு எட்டு எழுதியது போல, அரை மணி மிரட்டிவிட்டுப் போய்விடும் என்பதை வயிறு எனக்குத் தெரியவைத்தது. குடி அரிப்பும் அப்படியேதான் வந்துவிட்டுப் போகிறது.

கடைசி பெஞ்ச் அண்ணனுக்கு ஒன்று. 'நோன்பிருக்கும்போது தலைக்கு எண்ணெய் தடவி முகத்தைக் கழுவு, இருப்பது வெளியே தெரியக் கூடாது' என்றுதான் மத்தேயு நற்செய்தியில் இருக்கிறது. ஏசாயா 58 இன்னும் கடுமை. நீங்கள் நோன்பிருந்துகொண்டே வேலையாட்களை வதைக்கிறீர்கள். பசித்தவனோடு உணவைப் பகிர்வதுதான் எனக்குப் பிடித்த நோன்பு என்று கடவுள் சொல்கிறார். யூதர்கள் யோம் கிப்பூர் அன்று, எல்லோரும் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும்போது, தொழுகைக்கூடத்தில் இந்தப் பகுதியைத்தான் வாசிப்பார்கள். பட்டினி கிடப்பவர்கள் முகத்துக்கு நேரே, உன் பட்டினி எனக்கு எதற்கு என்று கேட்கிற வாசகம். பார்வையாளருக்காக நடத்துகிற நாடகம் என்றால் இப்படி ஒரு வசனத்தை யாராவது நடுவில் வைப்பார்களா?

---

கடைசி பெஞ்ச்:

வைக்க மாட்டார்கள். அதை ஒத்துக்கொள்கிறேன். அரசியல் பட்டினியில் மட்டும் என் கட்சியை விட மாட்டேன்.

மேடம், ஒரு சந்தேகம். நீண்ட நாள் பட்டினி கிடந்தவர்கள் பழச்சாறு குடித்துத்தான் முடிக்கிறார்கள். அது சடங்கா, மருத்துவமா?

---

பிறைக்கணக்கு:

எனக்கும் ஒரு கேள்வி. என் தாய்மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. மருத்துவர் நோன்பு பிடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். நடுப்பகலில் சர்க்கரை பார்க்க விரலில் குத்தினால் நோன்பு முறிந்துவிடும் என்று பயந்து பார்ப்பதே இல்லை.

---

தட்டும் கரண்டியும்:

@கடைசி பெஞ்ச்: இரண்டும். பல நாள் சாப்பிடாத உடம்பில் பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் வற்றியிருக்கும். திடீரென்று நிறையச் சாப்பாடு உள்ளே போனால் இன்சுலின் சுரந்து, மிச்சம் இருப்பதையும் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும், இதயம் நின்றுபோகலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர், விடுதலையான பிறகு, வயிறார உண்டு இறந்தார்கள். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, ரத்தப் பரிசோதனையோடுதான் ஆரம்பிக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் ஆங்கஸ் பார்பியேரி என்பவர் 1965-66-இல் 382 நாள் திட உணவே இல்லாமல் இருந்து 207 கிலோவிலிருந்து 82-க்கு வந்தார் என்று யாராவது இங்கே எழுதும் முன் நானே எழுதிவிடுகிறேன். மருத்துவக் கண்காணிப்பில், வைட்டமினும் உப்புகளும் கொடுத்து நடந்தது அது. வீட்டில் செய்கிற காரியம் இல்லை. ஒரு நாள் விரதத்துக்கு இந்தப் பயம் எதுவும் வேண்டாம், முடிக்கும்போது அவசரப்படாமல் சாப்பிட்டால் போதும்.

@பிறைக்கணக்கு: விரலில் குத்துவதால் நோன்பு முறியாது என்பதுதான் பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. நான் சொன்னால் மாமா நம்ப மாட்டார், உங்கள் பள்ளிவாசல் இமாமையே சொல்லச் சொல்லுங்கள். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேலே ஏறினாலோ உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும். நோன்பு முடியும் மஃரிபுக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல் வந்தால் குத்திப் பார்க்கக்கூடக் காத்திருக்க வேண்டாம். மாமா தனியாக இருப்பவரா, வீட்டில் ஆள் உண்டா? என்ன மாத்திரை போடுகிறார் என்றும் பெட்டியைப் பார்த்து எழுதுங்கள். சில மாத்திரைகள் சர்க்கரையை அதிகம் இறக்காது, சிலது சட்டென்று இறக்கிவிடும். மருத்துவரிடம் நேரத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கலாம்.